தோழர் வாய் மூடிய வருஷம்

என் தம்பி ஹிலாரியோன் பசீல் ஏழைகளுக்காகவே பிறந்தவன். இதைச் சொல்பவன் அவன்தான். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவன் பிறந்த அன்று வெந்நீர் சுமந்தவள் நான். அன்றைக்கு எங்கள் தீவின் அன்ஸ் கொரோசோல் ஊரில் எங்கள் வீட்டைவிட ஏழை வீடு கிடையாது. வேறு யாருக்காகப் பிறந்து தொலைப்பான்? வெளியே வந்ததும் கத்த ஆரம்பித்தவன் பால் கொடுத்தும் நிறுத்தவில்லை. மருத்துவச்சி அலுத்துப்போய், "இது பசி இல்லடி, இவனுக்கு நாலு பேரு நின்னு கேக்கணும்" என்றாள். பிற்பாடு பட்டணத்துப் பத்திரிகைக்காரர்கள் அவனைப் பற்றி என்னென்னவோ எழுதினார்கள். அந்த மருத்துவச்சி சொன்னதற்கு மேல் ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

ஊருக்கு அவன் தோழர். எங்கள் பாதிரியார் ஃபாதர் வான்ஹூல்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு மட்டும் அவன் ஹிலாரி.

பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை முடித்தவன் என்பதால் ரோஷ்புரூன் முதலாளியின் வாழைத் தோட்டத்தில், எடைக் கொட்டகையில் வேலை கிடைத்தது. நாங்கள் பெண்கள் மலையிலிருந்து தலையில் தார் சுமந்து இறங்குவோம். இவன் தராசைப் பார்த்து எடையைச் சொல்வான். நிழலில் வேலை, சட்டை கசங்காத வேலை. அம்மா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். அந்தப் பூரிப்பு ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை.

ஒரு நாள் காலையில் என் தம்பித் துரை தராசின் மேலேயே ஏறி நின்றுகொண்டான். கொட்டகையில் குடிதண்ணீர்க் குழாய் போடும்வரை ஒரு தாரும் நகரக்கூடாது என்றான். கேட்டது நியாயம்தான். மலை இறங்கி வந்தால் எங்களுக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எல்லாரும் உட்கார்ந்தோம். பாட்டுப் பாடினோம். முதலாளி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் அவர் வீட்டு வண்டி ஒரு பெரிய பானையோடு வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சீமைப்பலாவும் உப்பு மீனும். வண்டிக்காரன் பானையை இறக்கி வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். வாய் நிறையச் சீமைப்பலாவை வைத்துக்கொண்டு யாரால் கோஷம் போட முடியும்? சாப்பிட்டோம். சாப்பிட்ட வெட்கத்தில் எழுந்துபோய்த் தாரைத் தூக்கினோம். தராசுப் பக்கத்தில் இவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். மறுநாள் இவன் சீட்டுக் கிழிந்தது.

"நீ அந்தப் பானையில சாப்பிட்டியாடா?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"ரெண்டு தட்டு, அக்கா," என்றான்.

அவனிடம் எனக்குப் பிடித்த ஒரே குணம் இதுதான். நேராகக் கேட்டால் பொய் சொல்ல வராது. அரசியலுக்கு இது எவ்வளவு பெரிய ஊனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஏதோ சங்கம் அவனைப் பனி பெய்யும் ஒரு தேசத்துக்குப் படிக்க அனுப்பியது. ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுத் திரும்பினான். ஊரில் யாராலும் வாசிக்க முடியாத ஒரு சான்றிதழும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டும்தான் கொண்டுவந்த சொத்து. எங்கள் ஊர் வெயிலில் ஆடே வாதுமை மர நிழலை விட்டு வெளியே வராது. இவன் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு படகுத்துறையில் நின்று உலகத் தொழிலாளர்களை ஒன்றுசேரச் சொன்னான். ஒன்று சேர்ந்தவர்கள் தையற்காரன் பொலிடோரும் இன்னும் சிலரும். ஒன்பது பேரைச் செயற்குழுவில் போட்டு, மக்கள் உழைப்பாளர் விடுதலை முன்னணி என்று பெயர் வைத்தான். கட்சியின் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தால் உறுப்பினர் ஆகிவிடலாம்.

முதல் தேர்தலில் டெபாசிட் போனது. இரண்டாவதிலும் போனது. அதற்கு நடுவில்தான் எமிலியென் செத்துப்போனாள்.

எமிலியென் என்னோடு தார் சுமந்தவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பாதிரியார் குழிமேட்டில் மளமளவென்று ஜெபத்தை முடித்துக்கொண்டு கிளம்பினார். மண்வெட்டிக்காரன் மண்ணை அள்ளும் நேரத்தில் கோட்டுக்குள்ளிருந்து என் தம்பி வாயைத் திறந்தான். எமிலியென் கழுத்து எப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்று சொன்னான். அந்தக் கழுத்துமேல் ஏறிப்போன வாழைப்பழத்தை இங்கிலாந்தில் எத்தனை குழந்தைகள் தின்றிருக்கும், அதில் ஒன்றாவது உரிக்கும்போது இவளை நினைத்திருக்குமா என்று கேட்டான். அவள் யார் மேல் ஆசை வைத்திருந்தாள் என்பதையும் சொன்னான். அந்த ஆள் அங்கேயே தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றிருந்தான். அழுதோம், சிரித்தோம், மறுபடி அழுதோம். வீட்டுக்குப் போகவே யாருக்கும் மனசு வரவில்லை.

அதோடு பிடித்தது சனி. அன்ஸ் கொரோசோலில் சாகிறவர்களுக்கெல்லாம் தோழர் பேச வேண்டும் என்றாகிவிட்டது. மத்தியான ரேடியோவில் மரண அறிவிப்பு வரும்போது எங்கள் தீவே கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கும். செத்தவரின் பெயர், பட்டப்பெயர், அமெரிக்காவில் இருக்கும் மருமகன் பெயர் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, "குழிமேட்டில் தோழர் பேசுவார்" என்று ஒரு வரி வரும். அது வராவிட்டால் அந்தக் குடும்பத்துக்கே அவமானம். கோட்டோடு வரவேண்டும் என்று கேட்டுக் கூட்டிப்போவார்கள். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் ஆள் அனுப்பி, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பேரம் பேசுவார்கள். அவன் ஒத்துக்கொள்வான். பிறகு எல்லாவற்றையும் சொல்வான்.

தேர்தல் வந்தால் மட்டும் ஊர் வேறு முகத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும். வக்கீல் கத்பர்ட் செரான் பட்டணத்திலிருந்து பெரிய காரில் வருவார். தண்ணீர்க் குழாய் வரும் என்பார். ஒரு தேர்தலுக்குக் குழாய்கள் வந்து சாலையோரம் இறங்கவும் இறங்கின. அவற்றுக்குள் தண்ணீர் இன்றுவரை இறங்கவில்லை. பிள்ளைகள் ஒரு முனையில் கத்தி மறுமுனையில் கேட்டு விளையாடினார்கள். செரான் அந்தக் குழாய்களைக் காட்டியே அடுத்தடுத்த தேர்தல்களை ஜெயித்தார். எங்கள் தொகுதியே எங்கள் ஊரும் மலைமேல் இரண்டு குக்கிராமங்களும்தான். இவன் நின்றான், தோற்றான். மறுபடி நின்றான், மறுபடி தோற்றான். முடி நரைத்தது. கோட்டு மட்டும் கருப்பாகவே இருந்தது.

ஐந்தாவது தடவை தோற்ற மறுநாள் காலை, படகுத்துறையில் பொரித்த ரொட்டி விற்கும் மா ஜெர்வேயிடம் போய் நின்றான். நான் பக்கத்தில் கோக்கோ குடித்துக்கொண்டிருந்தேன்.

"மா ஜெர்வே, மனசைத் தொட்டுச் சொல்லு. நான் பேசினா நீ அழற."

"அழறேன்."

"செரான் பேசினா?"

"கொட்டாவி விடறேன்."

"அப்புறம் ஏன் அந்தாளுக்கு ஓட்டுப் போடற?"

மா ஜெர்வே எண்ணெய்ச் சட்டியில் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "நீ என்ன விவரம் தெரியாத ஆளா, இல்ல விளையாடறியா? நீ ஜெயிச்சா பட்டணத்துக்குப் போயிடுவ. கார் வரும், ஆபீஸ் வரும். நாளைக்கு நான் மண்டையப் போட்டா எனக்கு யாரு பேசுவா? செரானா? அந்த ஆளு என் பேரையே ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கறான்."

"அதுக்காக..."

"அதுக்காகத்தான். ஊரே பேசி வச்சிருக்கு. உனக்குத்தான் தெரியாது. இந்தா, ரொட்டி தின்னு."

என் தம்பி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் இல்லாமல் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வாழ்வார்கள், பேச்சு இல்லாமல் ஒரு நாளும் சாக மாட்டார்கள். ஆனால் இவ்வளவு பச்சையாகப் பேசிவைத்துச் செய்கிறார்கள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். சிரித்துத் தொலைத்துவிட்டேன். அவன் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

அடுத்த தேர்தல் நெருங்கிய வருஷம், மே தினத்தன்று, வாதுமை மரத்தடியில் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றான். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்தத் தேர்தல்தான் கடைசி என்று என்னிடம் சொல்லியிருந்தான். ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும், அந்தக் குழாய்க்குள் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டும், அதோடு போதும் என்றான்.

"தோழர்களே, இன்னியிலேருந்து ஸ்ட்ரைக்!" என்று கத்தினான். "நான் ஜெயிக்கிற வரைக்கும் எந்தக் குழிமேட்டுலயும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஓட்டு இல்லேன்னா பேச்சு இல்ல."

கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "யாரும் சாகாம இருந்துட்டா என்ன பண்ணுவ, தோழரே?" என்று ஒருத்தன் கேட்டான்.

சாவு யாரைக் கேட்டுக்கொண்டா வரும்? அந்த மாதமே பிடில்காரர் லூசியன் போய்ச் சேர்ந்தார். ஊரே கல்லறையில் கூடியது. என் தம்பியும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு, குழிக்குப் பக்கத்திலேயே மறியல் செய்கிறவன் மாதிரி நின்றான். ஃபாதர் வான்ஹூல் பாவத்தைப் பற்றிப் பேசினார். பொதுவாகப் பாவம். லூசியன் செய்த பாவங்கள் எவ்வளவு சுவாரஸ்யமானவை! அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. போதாக்குறைக்கு அவர் பெயரை லூக்கன் என்றார். பிறகு அமைதி. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி நின்றோம். முடிந்ததா இல்லையா என்றே யாருக்கும் புரியவில்லை. கடைசியில் மண்வெட்டிக்காரன், "மூடிடலாமா?" என்று கேட்டான். லூசியனின் மகள் அந்தக் கேள்விக்கு அழுத அழுகை இருக்கிறதே, அது அப்பாவுக்காக அழுததே இல்லை.

அடுத்து மலைமேல் கிழவி டிட்டீன். அவளையும் ஊமையாகத்தான் மண்ணில் இறக்கினார்கள். ஊர் என் தம்பியைக் கரித்துக் கொட்டியது. "உன் வாயில புழு வைக்கும்" என்று பெண்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அவன் அசையவில்லை. அவன் வாழ்க்கையில் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டி நீடித்த முதல் ஸ்ட்ரைக் அதுதான்.

மூன்றாவது சாவு என் வீட்டில் விழுந்தது.

என் புருஷன் அன்செல்ம் வாழைப்பெட்டி லாரி ஓட்டினவர். மலைப்பாதையில் வந்துகொண்டிருந்தபோது மார்பு வலித்திருக்கிறது. லாரியை ஓரமாக ஒதுக்கி, கைபிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டுத்தான் செத்தார். ஒரு பெட்டி சரியவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்காத மனுஷர்.

நான் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

"அத்தானுக்குப் பேசுவியா?" என்று கேட்டேன்.

"அக்கா..."

"பேசுவியா, மாட்டியா?"

"உனக்காக நான் விட்டுக்கொடுத்தா, லூசியன் பொண்ணு என்னைக் கேப்பா. டிட்டீன் பேரன் கேப்பான். சொந்தக்காரங்களுக்கு ஒரு நியாயமான்னு கேப்பாங்க. அவங்க கேக்கறதும் சரிதான், அக்கா."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் என்றுதான் கை துடித்தது. வைக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பாவி சொன்னது நியாயம். என் அன்செல்மையும் பொதுவான பாவத்தோடு மண்ணில் இறக்கினோம். மண்வெட்டிக்காரன், "மூடிடலாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அந்தக் குழிமேட்டிலேயே திரும்பி நின்று ஊரைப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லாப் பாத்துக்குங்க! உங்க பிள்ளைங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு லாரியில ஏத்திட்டுப் போன மனுஷன். ஒரு நல்ல வார்த்தை இல்லாம போறாரு. யாரால? இவன் ஒருத்தனால மட்டுமா? முப்பது வருஷமா ஒருத்தன் வயித்துல அடிச்சு அவன் பேச்சை மட்டும் வாங்கித் தின்னீங்களே, உங்களுக்கு வெக்கமா இல்ல? இன்னும் ஒரு சாவை இப்படிப் பாக்கணும்னா, போங்க, போய் அந்த வக்கீலுக்கே போடுங்க!"

அன்று சாயங்காலமே மா ஜெர்வே ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தம்பியும் இருந்தான்.

"சரிடா, ஜெயிச்சுத் தொலை," என்றாள். "ஊரே உனக்குத்தான். ஆனா மந்திரியே ஆனாலும் சாவுக்கு வந்துடணும்."

"வருவேன்."

"கோட்டோட."

"கோட்டோட வருவேன், மா ஜெர்வே. ஆனா ஓட்டு எண்ணி முடியற வரைக்கும் ஸ்ட்ரைக் ஸ்ட்ரைக்தான்."

"அதுவரைக்கும் யாரும் சாகமாட்டோம், போ," என்றாள்.

செரானுக்குச் சேதி எட்டியது. ஓடி வந்தார். கூரைத் தகடு கொடுத்தார், பன்றித் தொடை கொடுத்தார், ரம் கொடுத்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் அவர் காருக்குப் பின்னால் நின்று கண்ணடித்தது. முதல் தடவையாக என் தம்பிக்கு ஜெயம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. பொலிடோர் அவனுக்கு ஒரு மெல்லிய சட்டசபை உடுப்பு தைத்தான். குளிக்கும்போது பதவிப் பிரமாணம் எடுத்துப் பழகுவது என் வீடுவரைக்கும் கேட்டது. நான் விதவை உடுப்பில் வீடு வீடாகப் போய் அவனுக்கு ஓட்டுக் கேட்டேன். என் அன்செல்மின் அமைதியைக் கொடுத்து வாங்கின ஓட்டு அது. ஒன்றுகூடச் சிந்திவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன்.

தேர்தலுக்கு முந்தின வாரம் ரோஷ்புரூன் முதலாளி செத்துப்போனார்.

சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை ஓட்டு. ஊர் மொத்தமும் கல்லறைக்குப் போனது. துக்கத்துக்காக என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் நிஜமாகவே உள்ளே இருக்கிறாரா என்று பார்க்கத்தான். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகனுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. ஃபாதர் வான்ஹூல் பாவத்தை முடித்தார். அந்தப் பையன் எங்களைப் பார்த்து, "அப்பாவைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை...?" என்றான்.

நான் என் தம்பியைப் பார்த்தேன். உதடு துடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "வேண்டாண்டா," என்று வாயசைத்தேன். பாவிப் பயல் என்னைப் பார்க்கவே இல்லை.

"இங்க படுத்திருக்கிற இந்த மனுஷன் என்னை வேலையை விட்டுத் துரத்தினவர்," என்று ஆரம்பித்தான். "அதுக்காக முப்பது வருஷமா இவரைத் திட்டினேன். எழுந்ததும் திட்டினேன், படுக்கும்போதும் திட்டினேன். ஒரு நாள்கூடப் பதில் சொல்லல. என் புரட்சியை அடக்க இவரு போலீஸைக் கூப்பிடல, துப்பாக்கியை எடுக்கல. ஒரு பானை சமைச்சு அனுப்பினாரு. நான் ரெண்டு தட்டு சாப்பிட்டேன். உப்பு சரியா இருந்துச்சு. அதைக்கூட இன்னி வரைக்கும் என்னால குறை சொல்ல முடியல."

கூட்டம் சிரிப்பில் குலுங்கியது. அவ்வளவுதான், குதிரை கட்டறுத்துக்கொண்டது.

"நமக்குக் கூலியைக் குறைச்சாரு. தனக்குச் சட்டையைக் குறைச்சாரு. சாகிற வரைக்கும் அதே ரெண்டு காக்கிச் சட்டை. கஞ்சத்தனத்துல ஏழை பணக்காரன் வித்தியாசம் பாக்காத ஒரே ஆளு இவருதான். புயல்ல நம்ம கூரையெல்லாம் பறந்த அன்னிக்குப் பெரிய வீட்டுக் கதவைத் திறந்து விட்டாரு. நம்ம பிள்ளைங்க இவரு கட்டில்ல தூங்கிச்சு. விடிஞ்சதும் நம்மளை வழியனுப்பிட்டுக் கரண்டியை எண்ணினாரு. ரெண்டையும் செஞ்சாரு, தோழர்களே. ரெண்டும் அவருதான். முதலாளி, இனிமே நான் யாரைத் திட்டுவேன்? என்னை அனாதையாக்கிட்டுப் போயிட்டீங்களே!"

வெயில் சாயும்வரை பேசினான். அவன் பேசியதிலேயே சிறந்த பேச்சு அதுதான், கேட்ட யாரையும் கேளுங்கள். நான் அழுதேன். முதலாளி தராசில் கை வைத்து என் கூலியை எத்தனை நாள் தின்றார் என்று தெரிந்த நான், அவருக்காக அழுதேன். அந்த எரிச்சலில் இன்னும் அதிகமாக அழுதேன்.

அவன் முடித்ததும்தான் ஊருக்கு உறைத்தது. லூசியனின் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். டிட்டீனின் பேரன் நிமிர்ந்தான். மா ஜெர்வே முன்னால் வந்து, குழிமேடு என்றும் பார்க்காமல் துப்பினாள்.

"கருங்காலி!" என்றாள். "நம்ம ஆளுங்க மூணு பேரு நாய் மாதிரி போனாங்க. முதலாளி செத்தா உனக்கு வாய் திறக்குதா? கருங்காலிப் பயலே!"

முப்பது வருஷமாக, ஸ்ட்ரைக்கை உடைக்கிறவர்களை நோக்கி அவன் வீசிய சொல் அது. அவனே வாங்கிக்கொண்டான்.

வீட்டு வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "ஏண்டா? திங்கக்கிழமை வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியலையா? ரெண்டே நாளுடா!"

"அந்தப் பேச்சை வேலை போன அன்னிக்கே ஆரம்பிச்சேன், அக்கா. தினமும் ஒரு வரி சேத்தேன். முப்பது வருஷமா உள்ளயே வச்சிருந்தேன். அந்தப் பையன் கேட்டான், யாருமே பேசல. என்னால முடியல."

"என் புருஷனுக்குப் பேச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அதை உள்ள வச்சுக்க முடிஞ்சுதே, அது எப்படிடா?"

அவனுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் தலையைக் குனிந்துகொண்டான். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போட்டேன். செரானுக்குத்தான். கொட்டாவி விட வைக்கும் அந்த வக்கீலுக்குத்தான். விரலில் வைத்த மை ஒரு வாரம் போகவில்லை. மாவு பிசையும்போதெல்லாம் கண்ணில் பட்டது. படட்டும் என்று விட்டுவிட்டேன். ராத்திரி ரேடியோவில் முடிவு சொன்னார்கள். என் தம்பிக்கு ஏழு ஓட்டு. செயற்குழுவிலேயே ஒன்பது பேர்.

அதன்பிறகு அவன் படகுத்துறைப் பக்கமே வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. பொலிடோர் தைத்த சட்டசபை உடுப்பைச் செயற்குழுவில் யாரோ கல்யாணத்துக்கு இரவல் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்டேன்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே வாளியும் தூரிகையுமாகப் போய்ச் சமாதிகளுக்கு வெள்ளையடித்தது. பொழுது சாயும் நேரத்தில் எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றினோம். நான் அன்செல்மின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் கோட்டு தெரிந்தது. யாரும் வழி விடவில்லை, யாரும் மறிக்கவும் இல்லை. அவன் நேராக லூசியனின் சமாதிக்குப் போய் நின்றான்.

பேச ஆரம்பித்தான். பிடிலைப் பற்றி, லூசியன் வாசிக்க வரும் வீடுகளில் புருஷன்மார்கள் ஏன் தூங்காமல் விழித்திருப்பார்கள் என்பது பற்றி. அவர் மகள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சிரித்துவிட்டாள். அடுத்து டிட்டீன். ஜனங்கள் மெழுகுவத்தியோடு அவன் பின்னாலேயே நகர்ந்தார்கள். நான் மட்டும் இடத்தை விட்டு எழவில்லை. கடைசியில் என் எதிரே வந்து நின்றான். என்னைப் பார்க்கவில்லை. சமாதியைப் பார்த்துத்தான் பேசினான்.

"அத்தான், ஒவ்வொரு தேர்தலுக்கும் என் மைக்கை உங்க லாரியில கட்டிட்டு ஊர் ஊரா என்னைச் சுத்திக் காட்டினீங்க. ஒவ்வொரு தேர்தல்லயும் எனக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டீங்க. என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் போட்டீங்க. ஏன் அத்தான்னு கேட்டேன். 'நீ ஜெயிச்சுட்டா எனக்கு யாருடா பேசுவா?'ன்னீங்க."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவள், எனக்குத் தெரியாது.

"நீங்க சொன்னபடி செஞ்சீங்க," என்றான். "ஒரு தடவைகூடத் தவறாம என்னைத் தோக்கடிச்சீங்க. நானும் தவறாம தோத்தேன். ஆனா பேச வேண்டிய அன்னிக்குக் கையைக் கட்டிட்டு நின்னேன். உங்க பங்கை ஒழுங்கா செஞ்சீங்க, அத்தான். நான்தான் செய்யல. நான்தான் கருங்காலி."

பிறகு அன்செல்மைப் பற்றிப் பேசினான். ஒரு பெட்டிகூடச் சரியாமல் லாரியை நிறுத்தினதைச் சொன்னான். அதை இங்கே எழுத எனக்குக் கை வராது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் போன நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வந்தது.

என் பின்னால் மா ஜெர்வே மூக்கைச் சிந்தினாள். பக்கத்தில் நின்ற லூசியன் மகளின் விலாவில் இடித்து, ஊருக்கே கேட்கும்படி, "அடுத்த தடவையும் இவனை எப்படியாவது தோக்கடிச்சுடணும்டி," என்றாள். நாலா பக்கமும் தலைகள் ஆடின. என் தம்பி காதிலும் விழுந்தது. கோட்டுப் பொத்தானைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

திரும்பும்போது என்னோடு நடந்து வந்தான். சாலையோரம் அந்தக் குழாய்கள் கிடந்தன, யாரோ தங்கள் ஆட்டை அதில் கட்டியிருந்தார்கள்.

"அக்கா, நீயும் செரானுக்குத்தான போட்ட?"

"ஆமா."

"அடுத்த தடவை?"

"நான் இன்னும் சாகலையேடா," என்றேன்.